சரபோஜி காலத்து அங்கரக்கா தைப்பது எப்படி?

என் அக்கா மகன் பள்ளி நாடகத்தில் சரபோஜி மன்னராக நடித்தான். உடைக்கு என்னிடம் வந்தார்கள். 11 வருடமாகக் கும்பகோணத்தில் ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) பிளவுஸ் போடுகிறேன். ராஜா உடை என்றாலே சிவப்பு வெல்வெட்டில் சமிக்கியைக் கொட்டிவிடுகிறார்கள், அது எனக்குப் பொறுக்காது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தஞ்சாவூரை ஆண்டது 1798 முதல் 1832 வரை. மராட்டிய அரண்மனை உடைக்குப் பொருத்தமானது மெல்லிய வெள்ளைத் துணி, ஓரத்தில் மட்டும் ஜரிகை. அதனால் அங்கரக்கா தைத்தேன். குறுக்கே மடிந்து பக்கவாட்டில் நாடாவால் முடியும் மேலங்கி அது.

44 அங்குல அகல மல்மல் (மெல்லிய பருத்தித் துணி) நாலரை மீட்டர் வாங்கி, முதலில் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிறகு சுருங்கினால் பூவேலையும் சேர்ந்து சுருங்கும். அப்புறம் பழைய வேட்டியில் ஒரு மாதிரி வெட்டிப் போட்டுப் பாருங்கள். பையனின் மார்பு 30 அங்குலம், 4 அங்குலம் தளர்ச்சி விட்டேன். கை நீளம் 20, ஆனால் 25 வெட்டினேன். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்தால் மிச்சத் துணி வளையல் அடுக்கியதுபோல மடிப்பு மடிப்பாக நிற்கும். அக்குளில் 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள். அது இல்லாமல் கையைத் தூக்கினால் இடுப்பே மேலே ஏறும். இடுப்புக்குக் கீழே 3 மீட்டர் சுற்றளவைச் சுருக்கிப் பிடித்தேன். இதற்கெல்லாம் சாதாரணத் தையல் போதும்.

பழைய காலத்துச் சாயல் முழுக்க நெஞ்சில் வரும் வளைவில் இருக்கிறது. கழுத்திலிருந்து வளைந்து இறங்கும் திறப்பும், அதற்குள் தனித் துண்டும். அந்த வளைவில்தான் ஜரிகை ஓட வேண்டும்.

முதலில் நேராக மல்மலிலேயே சர்தோசி (ஸ்பிரிங் போன்ற சுருள் உலோகக் கம்பி) வேலை போட்டேன். கனம் தாங்காமல் துணி கொசுவம்போல் இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் வேலையைப் பிரித்தேன். பிறகு கெட்டியான பட்டுப் பருத்தியில் அதே வளைவை வரைந்து, 2 அங்குல அகலப் பட்டையாகத் தனியே பூ போட்டு, மேலே வைத்துத் தைத்தேன். நேர்ப்பட்டை வளையாது, வளைவாகவே வரையுங்கள். வேலை முடியும்வரை வெட்டக் கூடாது. ஃபிரேமில் கட்ட சுற்றிலும் துணி வேண்டும்.

பட்டர் பேப்பரில் பூங்கொடியை வரைந்து ஊசியால் நெருக்கமாகத் துளை போடுங்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து, வெளிர் துணி என்பதால் நீலப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும். துணியை ஃபிரேமில் சுண்டினால் 'டப்' என்று கேட்கும்வரை இழுத்துக் கட்டுங்கள்.

ஆரி ஊசியின் கொக்கி தையல் போகும் திசையைப் பார்க்கட்டும். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடிக்கும். ஊசி இறங்கியதும் நூலைக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசியைச் சற்றே திருப்பி, துளையின் பின்பக்கச் சுவரில் சாய்த்து மேலே எடுங்கள். கொக்கி துணியில் மாட்டினால் இழுக்காதீர்கள், உள்ளே விட்டுத் திரும்ப எடுங்கள். கொடியின் தண்டுக்கு இந்தச் சங்கிலித் தையல்.

இலைகளுக்குச் சர்தோசி. அதைக் கால் அங்குலமாக வெல்வெட் துண்டின் மேல் வைத்து வெட்டினால் தெறித்து ஓடாது. மணி கோப்பதுபோல் சாதாரண ஊசியில் கோத்து, இலையின் குறுக்கே சாய்வாகப் பதியுங்கள். பளிச்சென்ற மஞ்சள் ஜரி வேண்டாம், மங்கிய ஆன்டிக் கோல்டு வாங்குங்கள். மேடை விளக்கில் அதுதான் தங்கமாகத் தெரியும்.

பட்டையை அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்து, கைத்தையலால் மேலங்கியில் பதியுங்கள். கீழ்ச்சுற்றில் பட்டு நூலால் சின்னப் புட்டா 12 போட்டேன், அவ்வளவுதான். அதற்கு மேல் மல்மல் தாங்காது.

நாடாவை இடது பக்கம் வையுங்கள். முகலாயர் காலத்திலிருந்தே இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிவது வழக்கமாக இருந்தது. இஸ்திரி போடும்போது பூவைக் கவிழ்த்து, கெட்டித் துண்டின் மேல் வைத்துப் பின்பக்கமாகத் தேயுங்கள்.