ராத்திரி எழுந்து நடக்கிறாரா? முதலில் மணியைப் பாருங்கள்

வீட்டில் யாராவது தூக்கத்தில் எழுந்து நடந்தாலோ, அலறினாலோ, பக்கத்தில் படுத்திருப்பவரை உதைத்தாலோ முதலில் மணி என்ன என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. படுத்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதால் வருவது. தூக்கநடை, குழந்தைகளின் இரவு அலறல் எல்லாம் இந்த வகை. விடியற்காலைப் பக்கம் என்றால் அனேகமாகக் கனவுத் தூக்கத்தின் வேலை.

என் தம்பி சின்ன வயதில் நடப்பான். கண் திறந்திருக்கும், பார்வை மட்டும் எங்கேயோ இருக்கும். ஒருநாள் பீரோ முன்னால் நின்று கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான், "என்னடா வேணும்?" என்றால் "பஸ் போயிடும்" என்றான். அம்மா உலுக்கி எழுப்பப் போக, மிரண்டுபோய்க் கையை வீசியதில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம். காலையில் கேட்டால், "நான் எங்கே எழுந்தேன்?" என்கிறான்.

தூக்கத்தில் நடப்பவரை எழுப்பினால் உயிருக்கே ஆபத்து என்பது வெறும் கதை. ஆனால் எழுப்பியும் பயனில்லை, குழம்பித் திமிறுவார். இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையை லேசாகத் தொட்டு, "வா, படுக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிக் கட்டில் பக்கம் திருப்பிவிடுங்கள், பெரும்பாலும் கூடவே வந்துவிடுவார். அதைவிட முக்கியம், படுப்பதற்கு முன் வாசல் கதவையும் ஜன்னலையும் தாழிடுவது, வண்டிச் சாவியையும் கத்தியையும் கைக்கு எட்டாமல் வைப்பது, கதவில் ஒரு மணி கட்டுவது. அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

குழந்தை வியர்த்து விறுவிறுத்து அலறும்போது அள்ளி அணைக்கத்தான் தோன்றும். ஆனால் இரவு அலறலில் அது உங்களை அடையாளம் காணாது, அணைத்தால் இன்னும் திமிறும். விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், சில நிமிடங்களில் தானாக அடங்கும். (கெட்ட கனவு வேறு. அதில் குழந்தை விழித்துக்கொண்டு கனவைச் சொல்லும், அப்போது தாராளமாக அணையுங்கள்.) தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறதா? சில நாள் குறித்துவைத்து, அந்த நேரத்துக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே லேசாக எழுப்பித் திரும்பத் தூங்கவையுங்கள். 2 முதல் 4 வாரம் விடாமல் செய்தால் பலருக்கு நின்றுவிடுகிறது.

தூண்டிவிடுவது எது என்றும் பாருங்கள். தூக்கக் குறைவுதான் பெரிய குற்றவாளி. அப்புறம் காய்ச்சல், மன அழுத்தம், மூச்சுத் திணறலோடு வரும் குறட்டை. சோல்பிடம் போன்ற தூக்க மாத்திரை சாப்பிட்டு நடப்பவர்களும் உண்டு. 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்காகவே அந்த மாத்திரைகளுக்குக் கடும் எச்சரிக்கை போட்டது. அப்படி நடந்தால் மாத்திரை தந்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

விழித்த பிறகும் உடம்பு அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பதைத்தான் அமுக்குவான் பேய் என்கிறோம். கனவின்போது தசைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு அவிழக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். விரல் நுனியையோ நாக்கையோ அசைக்கப் பாருங்கள், மல்லாந்து படுப்பதைக் குறையுங்கள்.

அலட்சியம் செய்யக் கூடாதது இதற்கு நேர் எதிரானது. அந்தக் கட்டு விழாமலே போய், கனவில் போடுகிற சண்டையை நிஜமாகவே கை கால் வீசிப் போடுவது. 50 வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். 1986இல் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பல வருடம் கழித்து வரும் பார்கின்சன் நோய்க்கு இது முன்னறிகுறியாக இருக்கலாம். அதனால் அப்பாவோ தாத்தாவோ இப்படி உதைத்தால் சிரித்துவிட்டுப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பெரியவரான பிறகு புதிதாக நடக்க ஆரம்பித்தாலும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வெட்டி இழுத்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்படி வெட்டி இழுப்பது வலிப்பாகக்கூட இருக்கலாம். போகும்போது செல்போனில் எடுத்த ஒரு வீடியோவும், எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்த தாளும் கையில் இருக்கட்டும்.