பேரவைத் தலைவரின் பிப்ரவரி: கடைசி பஸ்ஸை மறந்தால் வரும் தவறுகள்

டெல்டா பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தலைவருக்கு வருஷம் முழுக்க வேலை இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் எல்லாம் வந்து குவிவது பொங்கல் விடுமுறைக்கும் ஏப்ரல் தேர்வுக்கும் நடுவே கிடைக்கிற ஒரு மாதத்தில்தான். முத்தமிழ் விழா, விளையாட்டு விழா, கல்லூரி நாள், ஆண்டு மலர். இடையில் விடுதிச் சாப்பாடு, பஸ் பிரச்சினை, ஒரு வாயிற்கூட்டம், அடுத்த வருஷத் தலைவர் யார் என்கிற கசமுசா. திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அந்த மாதத்துக்குள் தலையைக் கொடுத்து வெளியே வந்தவன் நான். அப்போது செய்த தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் முளைத்தவை: தலைவர் பார்க்கிற கடிகாரம் வேறு, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் பார்க்கிற கடிகாரம் வேறு.

தேதி குறிப்பதிலேயே தொடங்கிவிடும். சிறப்பு விருந்தினருக்குத் தோதான நாள், முதல்வருக்கு ஒத்துவரும் நாள் இரண்டையும் கேட்டுவிட்டுச் சுற்றறிக்கை போட்டுவிடுவோம். ஆனால் பிப்ரவரி என்றால் இங்கே சம்பா, தாளடி அறுவடை. மெஷின் என்றைக்கு வயலுக்கு வருகிறதோ அன்றைக்குக் கல்லூரி கிடையாது. நெல் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டால் இன்னும் இழுபறி. பகலில் அப்பா குவியலருகே நின்றால் ராத்திரி மகன் காவல். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. அந்த மாதிரி வாரத்தில் குழு நடனத்துக்குப் பெயர் கொடு என்று ஒரு பையனிடம் போய்க் கேட்க முடியுமா? என் வருஷத்தில் கபடி இறுதிப் போட்டியன்று எங்கள் அணியில் மூன்று பேர் நெல் குவியலோடு நின்றார்கள். தேதி போடுவதற்கு முன்னால் வகுப்புப் பிரதிநிதிகளை ஊர்வாரியாக விசாரிக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அப்படியே தினசரி காலண்டரில் முகூர்த்த நாளையும் பார்த்துவிடுங்கள். தையிலும் மாசியிலும் நல்ல முகூர்த்தம் என்றால் பந்தல்காரரும் மைக்செட்காரரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் சொன்னதுதான் விலை.

நாளைவிடப் பெரிய தவறு நேரம். பத்து மணிக்கு விழா என்று அழைப்பிதழில் இருக்கும். விருந்தினர் பன்னிரண்டரைக்கு வருவார். வரவேற்புரை, தலைமையுரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரை ஆறு. பரிசளிப்பு தொடங்கும்போது மணி நாலு. எங்கள் கல்லூரி நாளில் கவிதைப் போட்டியில் முதல் பரிசு வாங்க வேண்டிய பெண்ணின் பெயரை மூன்று முறை கூப்பிட்டோம். ஆளில்லை. மாணவர்கள் ஒத்துழைப்பே தருவதில்லை என்று மேடையிலேயே சலித்துக்கொண்டேன். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. நாலு பத்துக்கு அவள் ஊர் டவுன் பஸ். அதை விட்டால் ஆறே முக்காலுக்கு. இறங்கி வாய்க்கால் கரையில் ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான் உண்டு. புறநகர் பஸ் பிடித்துப் போகலாமே என்று சொல்வது நமக்குச் சுலபம், அவளுக்கு அது காசு. ஆகவே பரிசை முதலில் கொடுங்கள், உரைகளைக் கடைசியில் வையுங்கள். விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்பார்கள். தாமதமாக வந்தவர் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இதே கடிகாரம்தான் பேரவைக் கூட்டத்திலும் தவறிப் போகிறது. துணைத்தலைவர், இணைச்செயலாளர் என்று பெண்களின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, கூட்டத்தை ஐந்தரைக்கு வைப்போம். முடிவு டீக்கடையில் எடுக்கப்படும். பிறகு, பெண் பிள்ளைகள் முன்வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி! மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் போதும்.

அழைப்பிதழைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறேன். துறைத்தலைவர்களின் பெயரைப் பணிமூப்புப்படி போடுங்கள், அச்சுக்குப் போகும் முன் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் காட்டுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனதற்காக முந்நூறு அழைப்பிதழில் நாங்கள் கையால் எழுதினோம்.

தேர்தல் காலத்தில் கொடுத்த வாக்குறுதிகள் வட்டியோடு திரும்பி வருவதும் இந்த மாதத்தில்தான். அப்போது செய்கிற தவறு, எல்லா மனுவையும் முதல்வரிடமே கொண்டுபோய்க் கொட்டுவது. பஸ் நேரத்தை அவர் மாற்ற முடியாது. அது கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேலை, கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும். தேர்வுத் தேதி திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கையில். அரசுக் கல்லூரியில் கட்டடம் ஒழுகினால் பொதுப்பணித் துறை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டாவது கையில் இருக்கும். எங்கள் கோப்பில் பதினோரு மனு இருந்தது. ஒன்பது, தீர்க்கும் அதிகாரமே இல்லாத ஒருவருக்கு எழுதப்பட்டவை.

பணம். தேர்தல் நடக்கிற கல்லூரிகளுக்கு, மாணவர் பேரவைத் தேர்தலை ஒழுங்குபடுத்தப் பரிந்துரை தந்த லிங்டோ குழுவின் விதிகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னவை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும், அச்சடித்த போஸ்டர் கூடாது. வாக்குப்பதிவு இல்லாமல் நியமனத்தில் பேரவை அமைகிற கல்லூரிகளும் நிறைய. எப்படி வந்த தலைவராக இருந்தாலும் ஆபத்து தேர்தலோடு முடிவதில்லை. விழாவுக்கு ஜவுளிக்கடையில் ஐயாயிரம், உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரிடம் பத்தாயிரம் என்று ரசீது இல்லாமல் கை நீட்டுவோம். ஜவுளிக்கடைக்காரர் பேனரில் விளம்பரம் கேட்பார். கட்சிக்காரர் அப்போது ஒன்றும் கேட்க மாட்டார், ‘படிக்கிற புள்ளைங்க, வச்சுக்கப்பா’ என்பார். அடுத்த மாதம் அவருடைய தலைவர் வரும்போது ஐம்பது பேரைக் கூட்டிவரச் சொல்வார். வந்த காசு முழுவதும் கல்லூரியின் ரசீதில் வரட்டும். பொருளாளரும் நீங்களும் ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பர்கள் என்றால் வவுச்சரில் மூன்றாவதாக ஒருவர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் போராட்டம். காவிரி ஊரில் படித்துவிட்டுத் தண்ணீருக்காக ஒருநாளாவது வாசலில் உட்காராத பேரவை இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். தவறு உட்காருவதில் இல்லை. எப்போது எழுந்திருப்பது என்று முடிவு செய்யாமல் உட்காருவதுதான் தவறு. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஜனவரி 21-ஆம் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. அது போதுமா, கலையலாமா என்று கூட்டம் முழுவதற்குமாகப் பதில் சொல்ல ஒரு பொதுத் தலைமை இல்லை. 23-ஆம் தேதி காலை மெரினாவில் போலீஸ் அப்புறப்படுத்தத் தொடங்கியது, சென்னை அன்று கலவரத்தில் முடிந்தது, சட்ட மசோதா அதே நாள் மாலை சட்டமன்றத்தில் நிறைவேறியது. நம் கல்லூரி வாசல் மெரினா இல்லை. ஆனாலும் கோரிக்கை ஒரு வரியில் இருக்கிறதா, உள்ளே போய்ப் பேசுகிற மூன்று பேர் யார், எந்தப் பதில் வந்தால் வகுப்புக்குத் திரும்புவோம் என்பதை முதல் நாள் சாயங்காலமே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் எழுதவில்லை. விடுதித் தண்ணீருக்காக ஒருநாள் என்று தொடங்கிய வகுப்புப் புறக்கணிப்பு நாலு நாள் ஓடியது. இரண்டாம் நாளே டேங்கர் வந்துவிட்டது. அப்படியே எழுந்து போனால் மரியாதை என்னாவது என்று மேலும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். 75 சதவீத வருகைப் பதிவு கணக்கில் அந்த இரண்டு நாள் யாருக்கு இடிக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. அறுவடைக்கு ஏற்கெனவே ஒரு வாரம் விட்டவர்களுக்குத்தான் இடித்தது.

மார்ச் கடைசியில் கண்டனேஷன் கட்டணம், அதாவது வருகை குறைந்தவர்கள் தேர்வு எழுதக் கட்டுகிற பணம், கட்ட அலுவலக ஜன்னலில் வரிசை. எனக்கு 71 சதவீதம். எனக்கு முன்னால் ஆறு பேர். அதில் நாலு பேர் அந்தப் புறக்கணிப்பில் நான் வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டவர்கள். முன்னால் நின்ற இரண்டாம் ஆண்டுப் பையன் திரும்பிப் பார்த்தான்.

“என்னண்ணே, நீங்களுமா?” என்றான்.