வாடகை மோடம் போய்விட்டால்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை, மாற்றிய பின் வாங்க வேண்டியவை

ஐப்பசி பிறந்து இடிமழை தொடங்கிவிட்டால் திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் "மோடம் போயிடுச்சு" என்ற புகார்கள் வரிசைகட்டும். போனது மோடம்தானா என்று பார்க்காமலே மாற்றித் தரச் சொல்வதுதான் முதல் தவறு. கோளாறு வீட்டுக்கு வரும் ஃபைபர் லைனில் இருந்தால் புதுப் பெட்டி வந்தும் நெட் வராது, நாள்தான் வீணாகும்.

விளக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும், சிலவற்றில் 0.5 அல்லது 1.5 ஆம்பியர். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். டிவி செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பலவும் 12 வோல்ட்தான். அளவும் செருகும் முனையும் பொருந்தினால் அதைச் செருகிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். மல்டிமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப்போன அடாப்டர் சும்மா அளந்தால் 12 காட்டும். பெட்டியை மாட்டியதும் வோல்ட் இறங்கிவிடும். விளக்கெல்லாம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பவர் விளக்கு சரியாக எரிகிறது, ஆனால் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? ஃபைபர் லைனில் நெட்டைக் கொண்டுவரும் ஒளி பெட்டிக்கு வரவில்லை என்று பொருள். தென்னை மட்டை விழுந்திருக்கலாம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழத் தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே பெட்டியில் செருகும் மெல்லிய மஞ்சள் ஃபைபர் ஒயர் (பேட்ச் கார்டு) மேசை காலில் நசுங்கியும் இருக்கலாம். அந்தக் கார்டை வளையல் அளவுக்குக் குறுக்கிச் சுருட்டக் கூடாது. பச்சை முனை பச்சைத் துளையில் 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். முனையின் நுனியைக் கையால் தொடாதீர்கள், கண்ணருகே வைத்துப் பார்க்கவே வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இந்த நேரத்தில் பலர் பின்பக்கத் துளையில் குச்சியை விட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பத்து விநாடி அழுத்தினால் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழைய உள்ளே பதிந்திருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் (பிபிபிஓஇ) எல்லாம் அழிந்துவிடும். பிறகு லைன் சரியானாலும் நெட் வராது, ஒரு தொல்லை இரண்டாகும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

பெட்டிதான் போயிருக்கிறது என்று உறுதியானதும், அடி ஸ்டிக்கரை சீரியல் எண்ணும் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் பெட்டியின் அடையாள எண்) தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்று நிறுத்தாமல், எந்த விளக்கு எப்படி எரிகிறது, அடாப்டர் மாற்றிப் பார்த்தாயிற்றா என்பதையும் சொல்லுங்கள். வரும் டெக்னீஷியன் புதுப் பெட்டியோடு வருவார். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த எண்தான் வேண்டும்.

புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது. அதன் சீரியல் எண்ணை நிறுவனத்தின் பக்கம் உங்கள் இணைப்போடு பதிவு செய்ய வேண்டும். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு முடியவில்லை என்று கொள்ளலாம். பான் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை என்றால், பெரும்பாலும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ, பெட்டியில் நிறுவனம் போடச் சொல்லும் விலேன் (VLAN) எண்ணோ தப்பு. சில இடங்களில் பழைய மேக் முகவரியைக் கணக்கிலிருந்து விடுவிக்கவும் வேண்டியிருக்கும். வந்தவர் கிளம்புவதற்குள் பிரவுசரில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவரை, அதாவது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியை அளக்கும் அலகு) வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று இறங்கினால் லைனில் எங்கோ இழப்பு இருக்கிறது; இணைப்பு விட்டுவிட்டு வரும். அதை அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள்.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் வையுங்கள். போன், டிவி, கேமரா எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். கடவுச்சொல் மறந்திருந்தால் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அமைப்புக்குள் போய் 'பகிர்' தொட்டுப் பாருங்கள். பல போன்களில் கியூஆர் படத்தின் கீழே அது எழுதியிருக்கும்.

பழைய பெட்டியைச் சும்மா கொடுத்து அனுப்பாதீர்கள். அது அவர்கள் சொத்து, கணக்கு உங்கள் பெயரில். பழைய சீரியல் எண், புதிய சீரியல் எண், தேதி, அடாப்டரும் கொடுத்தாயிற்று என்ற குறிப்பு, இவ்வளவும் உள்ள ரசீதோ குறுஞ்செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி டெபாசிட் கேட்டால், முதலில் கட்டிய ரசீதைக் காட்டி அதையே புதுப் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். இடியில் கருகியதற்குப் பணம் கேட்டால் ஒப்பந்தத்தில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஃபைபர் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இடி வருவது கரண்ட் பிளக் வழியாகவும், வெளியே ஓடும் லேன் ஒயர் வழியாகவும், ஃபைபர் ஒயரைத் தாங்கும் இரும்புக் கம்பி வழியாகவும்தான். அந்தக் கம்பியை வெளிச்சுவர் கொக்கியிலேயே கட்டி நிறுத்தச் சொல்லுங்கள், பெட்டி வரை வரக் கூடாது. மேகம் கறுத்து முதல் இடி கேட்பதற்கு முன்பே அடாப்டரைப் பிடுங்குங்கள், லேன் ஒயரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்த மாத பில் வந்ததும் மோடம் வாடகை ஒரு தடவைதான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பிய பெட்டியைக் கணக்கில் கழிக்க மறந்து, இரண்டு பெட்டிக்கும் சேர்த்து வாடகை ஏறிவிடலாம்.