பழைய பாப்-அப் கேம்பரில் கூரை ஏறவில்லையா?
அமெரிக்காவில் 1970, 80களில் வந்த பாப்-அப் கேம்பர்களில் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய், கூரையை உயர்த்தித் தங்கும் மடக்கு வண்டி) பெரும்பாலும் ஒரே வின்ச்தான் (கைப்பிடியைச் சுற்றினால் கேபிளைச் சுருட்டி இழுக்கும் கருவி) கேபிள் வழியாக நான்கு மூலைகளையும் தூக்கும். கூரை மக்கர் செய்தால் உடனே வின்ச்சைக் கழற்றாதீர்கள். ஒரு மூலை மட்டும் பின்தங்கினால், அந்த மூலைக்குப் போகும் கேபிளையோ கப்பியையோ பாருங்கள். நான்கும் ஏறாவிட்டால் வின்ச், அல்லது அதன் முக்கியக் கேபிள்.

கேபிளில் இழை பிரிந்திருந்தால் முழுசாக மாற்றிவிடுங்கள். வெறுங்கையால் தடவ வேண்டாம், விரலைக் கிழித்துவிடும். கப்பிக்கு எண்ணெய் விடலாம். பிரேக் வைத்த வின்ச் என்றால் அதன் பிரேக் தட்டில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் பிடிப்பு போய்விடும்.

எத்தனை முறை சொன்னாலும் தகும்: கேபிளைத் தொடும் முன் நான்கு மூலைக்கும் கனமான மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். கூரைக்கு அடியில் தலையை நீட்டுவது அதற்குப் பிறகுதான்.