ஆய்வுக்கு ஆள் அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் கிணற்று நீர் மாசடைந்துவிட்டதா? எங்கள் ஆய்வில் பங்குபற்றுங்கள்!" இப்படி ஓர் அழைப்பை யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் போட்டால் யார் பதில் எழுதுவார்கள்? தண்ணீரில் எண்ணெய் மணத்தவர், பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வருகிறவர், சுன்னாகப் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் என்று 2015 அளவில் பெரிதாக எழுந்த பிரச்சினையில் அலைந்து களைத்தவர். கிணறு நன்றாக இருப்பவர் 'இது எங்களுக்கில்லை' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவார். கடைசியில் பெரும்பாலான கிணறுகள் பழுது என்று அறிக்கை வரும். வினாக்கொத்தில் ஒரு பிழையும் இராது. பிழை அழைப்பில்.

இங்கே ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர், தொண்டு நிறுவனம், பழைய மாணவர் சங்கம் என்று ஆளாளுக்கு ஒரு கூகுள் ஃபோர்ம். வினாக்கொத்தை நாலு பேரிடம் காட்டித் திருத்துபவர்கள்கூட, அழைப்பை அனுப்பும் நேரத்தில்தான் எழுதுகிறார்கள்.

தலைப்பை உரக்கச் சொல்வதுதான் இதில் பெரிய தவறு. 2000 ஆம் ஆண்டு, கருத்தாய்வு முறைகளை ஆராயும் அமெரிக்கர் ரொபர்ட் குரோவ்ஸும் உடனாய்வாளர்களும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவரைத் தலைப்பு இழுக்கும், இன்னொருவரைப் பரிசு இழுக்கும், வேறொருவரை யார் கேட்கிறார்கள் என்பது இழுக்கும். அழைப்பு எதை முன்னுக்கு வைக்கிறதோ, அதில் அக்கறை உள்ளவரே கூடுதலாக வருவார். 2004 இல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்: கல்வி பற்றிக் கேட்டால் ஆசிரியர்கள், பிள்ளை வளர்ப்பு பற்றிக் கேட்டால் புதிதாகப் பெற்றோரானவர்கள் என்று தங்களைத் தொடும் விடயத்துக்கு ஆட்கள் கூடுதலாகச் சம்மதித்தார்கள். அதற்காகத் தலைப்பை மறைக்கச் சொல்லவில்லை. அது ஏமாற்று. "வீட்டுப் பாவனைக்கான தண்ணீர் பற்றிக் கேட்கிறோம். நல்ல தண்ணீர் உள்ள வீடுகளின் பதிலும் எங்களுக்கு வேண்டும்" என்று எழுதினால் போதும். அந்த இரண்டாவது வசனத்தைப் பலர் எழுதுவதே இல்லை.

'நிறையப் பேர் நிரப்பிவிட்டார்கள், இனிப் பயமில்லை' என்ற நிம்மதி அடுத்தது. 1936 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், யார் வெல்வார் என்று அறிய லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் சொன்னது. ரூஸ்வெல்ட் அமோகமாக வென்றார். முகவரிப் பட்டியல் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது ஒரு காரணம். ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே கூடுதலாகத் திருப்பி அனுப்பினார்கள் என்பது மற்றக் காரணம்.

யாழ்ப்பாணத்துக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. "குடும்ப விபரம் பதிவு செய்கிறோம்" என்று தொடங்கினால், போர்க்காலத்திலும் அதன் பிறகும் 'பதிவு' என்று வாசலுக்கு வந்தவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்கள் பதில் தரமாட்டார்கள், அல்லது பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். மாறாக "மக்களின் தேவைகளை அறியும் ஆய்வு" என்றால் வீட்டுத்திட்டமோ நிவாரணமோ வருகிறது என்று நினைத்து, கஷ்டத்தில் உள்ளவர்கள் முதலில் வருவார்கள். இருப்பதையும் இல்லை என்று சொல்லத் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. யார் கேட்கிறார்கள், எதற்கு, இதனால் உதவி எதுவும் கிடைக்காது என்பதை முதல் நாலு வரிக்குள் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இரகசியம் காப்போம் என்று ஒரு பந்தி முழுக்கச் சத்தியம் செய்யவும் வேண்டாம். இதே துறை ஆய்வாளர் எலினோர் சிங்கரும் மற்றவர்களும் 1992 இல் எழுதியது இதைத்தான்: சாதாரண விடயத்துக்கு நீண்ட உறுதிமொழி கொடுத்தால், 'அப்படி என்னத்தைக் கேட்கப் போகிறார்கள்' என்ற சந்தேகம் வந்து சம்மதம் குறைகிறது. வருமானம், கடன், நோய் என்று கேட்கும்போது உறுதிமொழி உதவும். கிணற்றுக் கயிற்றின் நீளத்தைக் கேட்க அது எதற்கு?

"குடும்பத் தலைவர் நிரப்பவும்" என்ற வரி எனக்குப் பிடிக்காதது. தண்ணீர் அள்ளுவதும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் பெண்கள். அந்த வரியைக் கண்டதும் போன் கணவர் கைக்குப் போகிறது. பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய இருந்தும், அந்தச் சொல்லைத் தன்னைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ள அவர்களில் பலர் தயங்குவார்கள். "வீட்டுத் தண்ணீர் வேலையை அதிகம் பார்ப்பவர்" என்று எழுதினால் சரியான ஆள் வருவார்.

'ஐந்தே நிமிடம்' என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் பிடித்துவைப்பவர்களும் உண்டு. உண்மை நேரத்தைச் சொன்னால் தொடங்குபவர்கள் குறைவார்கள்தான். பொய் சொன்னால் பாதியில் விடுவார்கள், அதுவும் வேலைவெட்டி உள்ளவர்கள் முதலில். கேள்விகளைக் குறைப்பதுதான் வழி. குலுக்கலில் ஒருவருக்குப் போன் பரிசு என்பதைவிட, எல்லோருடைய போனுக்கும் முன்கூட்டியே ஒரு சின்ன ரீலோட் போட்டுவிடுவது பொதுவாக நன்றாக வேலை செய்யும்.

முடிந்தால் இரண்டு விதமாக அழைப்பு எழுதி, பட்டியலைக் குலுக்கிப் பாதிப்பாதியாக அனுப்பிப் பாருங்கள். எண்ணிக்கையோடு நிற்காமல் வயது, ஆண் பெண், பிரதேசம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நினைவூட்டலில் முதல் அழைப்பையே திரும்ப ஒட்டினால் அதே மாதிரி ஆட்கள்தான் இன்னும் கொஞ்சம் வருவார்கள். முதலில் கிணற்றை முன்வைத்திருந்தால், நினைவூட்டலில் பவுசர் வண்டியில் வரும் தண்ணீரை நம்பியிருப்பவர்களையும் போத்தல் தண்ணீர் வாங்குபவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு லிங்கை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அச்சிட்ட தாளோடு படகில் ஒருவரை அனுப்பலாம்.