ஊரில் நத்தார்: சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்ப ஒன்றுகூடல்

டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ போகிற குடும்பங்கள் பலவற்றின் மனதில் ஒரே திட்டம்தான் இருக்கும். 25ஆம் திகதி மத்தியானம் சொந்தக்காரர் எல்லாரையும் ஒரு வீட்டில் கூட்டி, சாப்பாடு, பரிசு, படம். அந்தத் திகதியை விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு 24, 25 இரண்டும் ஓய்வு நாட்கள் அல்ல. கோயில் சோடனை, பாடகர் குழு, நள்ளிரவுப் பூசை, விடிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பலகாரத் தட்டு, அயலில் உள்ள சைவ வீடுகளுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இரவும் பகலும் ஓட்டம். நித்திரை கொள்ளாத மச்சாளிடம் அன்றைக்கே முப்பது பேருக்குச் சமையல் கேட்பது நியாயமில்லை.

26ஆம் திகதியும் வேண்டாம். 2004இல் சுனாமி வந்தது அன்றைக்குத்தான். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் காலையில் நினைவு வழிபாடுகள் நடக்கும், 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் இருக்கும். உங்கள் உறவுகள் கரையோரக் குடும்பமென்றால் அந்த நாளை அவர்களோடு அமைதியாகக் கழியுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடயத்தைச் சொல்லி, பூவும் மெழுகுதிரியும் கையில் கொடுத்துக் கூட்டிப்போகலாம்.

ஆகவே 27 அல்லது 28. கத்தோலிக்கருக்கு 28ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பங்குச் சுவாமியிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் வந்து பிள்ளைகளை ஆசீர்வதித்துவிட்டுப் போக வசதிப்படலாம். 31 இரவு மீண்டும் கோயில், புதுவருடம் என்று எல்லாரும் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

திகதி சரியென்றால் நேரம். ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். 22ஆம் திகதி வந்திறங்கிய பிள்ளைக்கு ஊரின் நள்ளிரவு, பகல் ஒன்றரை மணிபோல இருக்கும். நள்ளிரவுப் பூசையில் கண் கொட்டாமல் நிற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசையிலேயே சரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குவது நல்லது. சிட்னி, மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு நேர்மாறு: பொழுதுபட முன்னரே நித்திரை வந்துவிடும், காலை ஒன்பது மணிதான் அவர்களுக்குச் சரி. லண்டன், பாரிஸ் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒத்துவருவார்கள். எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள் என்றால் வந்து ஐந்து நாளாவது கழிய விடுங்கள். எப்படியும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீட்டவேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். முற்றத்தில் பந்தல் போட்டாலும் மேலே நல்ல தறப்பாள் வேண்டும். விறாந்தை பெரிதாக உள்ள வீடோ பங்கு மண்டபமோ கிடைத்தால் அதுவே மேல். மழைகாலத்தில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும், பழைய வீடுகளில் கிணற்றுக்கட்டு தாழ்வாக இருக்கும். வெளிநாட்டில் வளர்ந்த நாலு வயதுப் பிள்ளைக்குக் கிணறு என்றால் என்னவென்றே தெரியாது, எட்டிப்பார்க்கத்தான் ஓடும். கிணற்றடிக்கு ஒரு பெரிய ஆளைக் காவலாக நிறுத்துங்கள், அந்த ஆள் வேறு வேலை எதுவும் பார்க்கக்கூடாது. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும் என்பதால் காலையிலேயே பிள்ளைகளுக்கு நுளம்புத் தடுப்புக் கிறீம் பூசுங்கள், நீளக் காற்சட்டை போடுங்கள்.

இனிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு வருவோம், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நாங்கள் நிகழ்ச்சியைக் கொண்டுபோகத் தேவையில்லை, அது அங்கே தயாராகவே இருக்கிறது. டிசம்பர் தொடங்கும்போதே பாலர் பாடசாலைகளிலும் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் ஒளிவிழாக்கள், அதாவது பிள்ளைகளின் நத்தார்க் கலைவிழாக்கள், நடக்கும். உங்கள் தம்பியின் மகள் அதில் வானதூதராக வந்து வசனம் பேசியிருப்பாள், அவளுடைய அண்ணன் சூசையப்பராக நின்றிருப்பான். நவம்பரிலேயே தொலைபேசியில் அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “இந்த முறை ஒளிவிழாவில நீங்கள் என்ன வேசம்? வசனம் என்ன?” அதே நாடகத்தை வீட்டில் மறுபடி போடலாம். வசனம் உள்ள பாத்திரங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. தமிழ் தடுமாறும் பிள்ளைகள் ஆடாக, நட்சத்திரமாக, பரிசு தூக்கி வரும் இராசாவாக வரட்டும். சித்தப்பாவின் சாரமும் அம்மம்மாவின் சால்வையும் உடுப்புக்குப் போதும். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இடையர் பகுதியை, எட்டாம் வசனத்திலிருந்து பதினாலு வரை, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் வாசிக்க நாடகம் அதன்பின்னே போகும்.

இப்படிச் செய்தால் ஊர்ப் பிள்ளை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நிற்கும். வெளிநாட்டுச் சப்பாத்தையும் ரப்லெற்றையும் பார்த்து ஒதுங்கி நிற்கிற பிள்ளை, “இஞ்ச வா, நீ இதில நிக்கோணும்” என்று கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். ஒன்றுகூடலின் பயன் எனக்கு அதுதான். மற்றதெல்லாம் குறைந்தாலும் பரவாயில்லை.

பாலன் குடிலையும் முதல்நாளே பிள்ளைகளைக் கொண்டு கட்டுவிக்கலாம். பனையோலையும் வைக்கோலும் கேட்டால் அயலில் கிடைக்கும். அதற்கும் முன்பே ஒரு தட்டு மண்ணில் பயற்றை ஊறவைத்துத் தூவினால் மூன்று நாலு நாளில் பச்சையாகப் புல்வெளி வந்துவிடும், அதற்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை ஆகச் சின்னப் பிள்ளையிடம் விடுங்கள். கனடாவிலிருந்து சோடனை லைற் கொண்டுபோகவேண்டாம். கனடாவில் 120 வோல்ற், ஊரில் 230, குத்தியவுடன் எரிந்து போகும்.

நத்தார் பாப்பா விடயத்தில் கவனம். கரோல் குழுவோடு முகமூடி போட்டு, மேளத்துக்கு ஆடிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வீரிட்டு அழுவார்கள். முகமூடி இல்லாமல் தாடியோடு மட்டும் வரச் சொல்லுங்கள். குடும்பத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் இருந்தால் பாப்பாவும் குடிலும் அவர்களுக்குச் சம்மதமா என்று முதலே கேளுங்கள். கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபையினர், மெதடிஸ்தர் என்று கலந்திருக்கும் வீட்டில் யார் செபம் சொல்வது என்பதையும் முதல்நாளே பேசி முடித்துவிடுங்கள். செபம் இரண்டு நிமிடத்தில் முடியட்டும்.

பரிசு எல்லாப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரே பெறுமதியில், ஒரே மாதிரிச் சுற்றுத்தாளில் இருக்கவேண்டும். உங்கள் பிள்ளைக்கென்று வாங்கிய பெரிய பொருளைத் தங்குமிடத்தில் தனியே கொடுங்கள். யாழ்ப்பாணக் கடைகளிலேயே பட்மின்ரன் மட்டை, பந்து, நிறப் பென்சில், கதைப் புத்தகம் வாங்கலாம், உடைந்தால் மாற்றவும் முடியும். ஊர்த் தாய் தகப்பனும் உங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க விரும்புவார்கள், அதற்கு இடம் விடுங்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்தால் யாருக்கும் பாரமாகாது.

சமையலில் பிள்ளைகளுக்கென்று உறைப்பில்லாத கோழிப் பால்கறியும் சொதியும் தனியே வைப்பியுங்கள், யாழ்ப்பாணக் கறித்தூள் அவர்களுக்குத் தாங்காது. நத்தார் ரிச் கேக்கில் கஜு நிறைய இருக்கும், பழங்களைப் பிராந்தியில் ஊறவைக்கும் வீடுகளும் உண்டு. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் பலகாரத் தட்டு வருமுன்னரே வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். சைவ உறவினர் சிலர் மார்கழித் திருவெம்பாவை நாட்களில் மச்சம் சாப்பிடமாட்டார்கள். அவர்களுக்கு வேறு சட்டியில், வேறு அகப்பையோடு சமைக்கவேண்டும். உந்துவப் போயா, அதாவது பௌத்தர்களின் டிசம்பர்ப் பௌர்ணமி நாள், எப்போது என்று நாட்காட்டியைப் பாருங்கள். 2023இல் அது டிசம்பர் 26இல் வந்தது. போயாவன்று இறைச்சிக் கடைகள் பூட்டு.

வெடி கொளுத்துவதென்றால் வீட்டில் உள்ள முதியவர்களைக் கேட்காமல் கொளுத்தாதீர்கள். 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் குண்டு விழுந்ததைக் கண்டவர்களும், போரின்போது வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பூந்திரி போதும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நத்தார்ப் பூசைக்குப் போகும்போது கோயில் வாசலில் பைகளைச் சோதிப்பதுண்டு, பெரிய பையைத் தவிர்த்து, காவலுக்கு நிற்பவர்களைப் பற்றிப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

செலவை யார் பொறுப்பது என்பதை ஊருக்கு வந்தபின் எல்லார் முன்னாலும் பேசவேண்டாம். வீட்டுப் பொறுப்பான பெரியம்மாவிடமோ மாமாவிடமோ தனியே கேட்டு, வாடகைக் கதிரை, வான், சமையல்காரர் காசை முதலே கையில் கொடுத்துவிடுங்கள். பலகாரத்தை அவர்களே செய்ய விரும்பினால் செய்யட்டும், அதற்குக் காசு நீட்டவேண்டாம். எடுத்த படங்களைக் குடும்ப வட்ஸ்அப் குழுவோடு நிறுத்துங்கள், முகநூலில் போடுவதென்றால் அந்தந்தப் பிள்ளையின் தாய் தகப்பனிடம் கேட்டபிறகு போடுங்கள்.