விபத்தில் நொறுங்கிய காரைச் சீரமைத்துச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆற்றங்கரைச் சாலையிலிருந்து வாய்க்காலில் கவிழ்ந்த கார்களும், 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் மரம் விழுந்து நசுங்கிய வண்டிகளும் நம் டெல்டா மாவட்டங்களுக்குப் புதியவை அல்ல. அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய வாகனத்தின் உரிமைப் பத்திரத்திலேயே அதன் வரலாறு குறிக்கப்படுகிறது. நம் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) அப்படி எந்தக் குறிப்பும் இராது என்பதால், சீரமைத்த வண்டியை வாங்குபவர் எல்லாவற்றையும் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். என் தம்பியின் காருக்காக இந்த வேலைகளைச் செய்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பாருங்கள். தனியார் செயலிகள் காட்டும் தகவல் பழையதாக இருக்கலாம் என்பதால், அரசுத் தளத்தையே நான் நம்புகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆம் பிரிவின்படி, அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும். பதிவு ரத்தான வண்டியை உதிரி பாகங்களுக்காக அன்றிச் சாலையில் ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள்.

அடுத்து, காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தீர்வுக் கடிதத்தைக் கேளுங்கள். மீட்கும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்து ஐ.டி.வி.யில் (காப்பீட்டில் வண்டிக்குக் குறித்த மதிப்பில்) 75 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த வண்டி 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) என்று கணக்கிடப்படும். அப்படிக் கணக்கிட்டதாலேயே பதிவு தானாக ரத்தாவதில்லை. சிதைந்த வண்டி ஏலத்தில் கைமாறிய பிறகும் ஆர்.சி. பழைய உரிமையாளர் பெயரிலேயே நீடிப்பது இதனால்தான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியிருப்பதால், விற்பவருக்கும் இது ஆபத்தான நிலை.

அடுத்த கட்டம், வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண்ணைச் சரிபார்ப்பது. இன்றைய பெரும்பாலான கார்களில் தனியான அடிச்சட்டகம் கிடையாது; உடல் கூடே சட்டகமாக இருக்கும், சேஸிஸ் எண்ணும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கூடு முழுவதும் கெட்டுவிட்டால், எண் இருக்கும் தகட்டை மட்டும் வெட்டி வேறு கூட்டில் பற்றவைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். திருட்டு வண்டிக்கு அடையாளம் மாற்றும் முறையும் அதுவே என்பதால், உண்மையான உரிமையாளரும் காவல் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புது பெயின்டோ இருக்கிறதா என்று டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு பாருங்கள். பென்சில் அச்செடுத்து, 17 எழுத்துகளையும் ஆர்.சி.யுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினையே பொருத்துங்கள். தம்பி காருக்குக் காயலான் கடையில் கிடைத்த எஞ்சினின் எண், பதிவு ரத்தாகாத வேறொரு காரின் பெயரில் இருந்தது. அந்தக் காரின் பதிவு ரத்தான சான்றும் கடைக்காரரின் பில்லும் கைக்கு வரும்வரை எங்கள் விண்ணப்பம் நகரவில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே இவ்விரண்டையும் கேட்டு வாங்குங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாஹன் சமன்வய்' சேவையில், அந்த எஞ்சின் எண் திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்வையிட்டு, புதிய எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறிய பிறகே பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றைக் கொடுங்கள். வண்டிக் கடன் நிலுவை தீர்ந்திருந்தால், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி.யைக் காட்டிக் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு உடனே மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: காவல் நிலைய ஏலத்தில் எடுத்த வண்டிக்கும் இதே வழிதானா என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அரசு நடத்தும் பொது ஏலத்துக்கு 29, 30 பொருந்தாது. வண்டியைக் கையில் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-இல், ஏலத்தை உறுதிசெய்யும் ஆணையை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும்.